குடலையிலிருந்து குடல் வரை

கையில் இருப்பது ஒரே ஒரு துண்டு. மல்லிகைப்பூ இட்லியின் வெண்மை அதில் இல்லை. லேசாகப் பழுத்த நிறம். ஓரத்தில் மந்தாரை இலையின் நரம்புகள் அச்சுக் குத்தியதுபோலப் பதிந்திருக்கின்றன. விண்டால் உள்ளே ஒன்றிரண்டாக உடைத்த மிளகு, சீரகம், கறுத்துப்போன கறிவேப்பிலை. மூக்குக்கு முதலில் சுக்கு எட்டுகிறது, பின்னாலேயே பெருங்காயம். தின்று முடித்த பிறகும் விரல் நுனியில் நெய்ப்பசை நிற்கிறது.

சின்ன காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலின் குடலை இட்லி இது. உலகம் ‘காஞ்சிபுரம் இட்லி’ என்று அழைப்பதற்கு மூலம். குடலை என்பது மூங்கில் கூடை. நீண்ட உருளையான அந்தக் கூடைக்குள் மந்தாரை இலையைச் சுற்றிலும் அடுக்கி, மாவை ஊற்றி, ஆவியில் வேகவைத்து, பெருமாளுக்கு நைவேத்தியம் செய்து, துண்டு போட்டுக் கொடுக்கிறார்கள்.

இன்றைய ஆரோக்கியப் பேச்சைக் காதில் வாங்கியவருக்கு இந்தத் துண்டு ஒரு குற்றவாளிக் கூண்டு. பச்சரிசி சர்க்கரையை ஏற்றும். நெய் கொலஸ்ட்ராலை ஏற்றும். நல்லெண்ணெய் எடையை ஏற்றும். மூன்று குற்றவாளிகளும் ஒரே கூடையில். ஆனாலும் இதை விட்டுவிட வேண்டும் என்று காஞ்சிபுரத்தில் யாருக்கும் தோன்றவில்லை. அது வெறும் பக்தியா, அல்லது அந்தக் கூடைக்குள் ஏதாவது கணக்கு இருக்கிறதா?

வெப்பம் நடந்து போகும் தூரம்

வீட்டு இட்லி பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் வெந்துவிடும். குடலை இட்லியோ மணிக்கணக்கில் அடுப்பில் இருக்கும். பெரிதாக இருப்பதால்தான் என்று சொல்லிவிடலாம். ஆனால் எவ்வளவு பெரிதானால் எவ்வளவு நேரம் என்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது.

மாவுக்குள் வெப்பம் ஓடாது, தவழும். அது போக வேண்டிய தூரம் இரண்டு மடங்கானால், பிடிக்கும் நேரம் நான்கு மடங்கு. தூரம் மூன்று மடங்கானால் நேரம் ஒன்பது மடங்கு. வீட்டு இட்லியின் நடுப்பகுதி மேற்பரப்பிலிருந்து ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. ஒரு குடலையின் மையம் ஓரத்திலிருந்து 5 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தூரம் ஐந்து மடங்கு, நேரம் இருபத்தைந்து மடங்கு. 12 நிமிடம் 300 நிமிடமாக வேண்டும். ஆனால் உருளை வடிவத்தில் வெப்பம் சுற்றிலும் இருந்து நடுவை நோக்கி வருவதால் ஏறக்குறையப் பாதி நேரம் மிச்சம். இரண்டரை மணி நேரம் என்று விடை வருகிறது. மடப்பள்ளியில் யாரும் இந்தச் சமன்பாட்டை எழுதிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் பாத்திரத்துக்குப் பதிலாக மூங்கில் கூடையை எடுத்தவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. கூடையின் இடுக்குகள் வழியே ஆவி பக்கவாட்டிலும் புகும். இலை மாவை ஒழுக விடாமல் பிடித்துக்கொள்ளும்.

இதில் இன்னொரு லாபம், நீர் இருக்கும் வரை இட்லியின் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. எண்ணெய்ச் சட்டியின் கதை வேறு. அது 170, 180 டிகிரியில் காய்கிறது. 2002-இல் ஸ்வீடன் விஞ்ஞானிகள் ஒரு விஷயத்தை அறிவித்து உலகத்தைத் திடுக்கிட வைத்தார்கள். மாவுச்சத்து மிகுந்த பண்டங்களை அதிகச் சூட்டில் பொரித்தாலோ வாட்டினாலோ அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் உருவாகிறது என்பதே அது. உருளைக்கிழங்கு சிப்ஸ் அதில் முக்கியப் புள்ளி. 120 டிகிரிக்குக் கீழே ஈரத்தில் வேகும் பண்டத்தில் இந்தப் பிரச்சினை எழுவதில்லை. அதே அரிசி, அதே கொழுப்பு. சமைக்கும் வழி மாறினால் வேதியியல் மாறிவிடுகிறது.

கூலி வாங்காத வேலையாட்கள்

அடுப்பில் ஏறுவதற்கு முன்பே ஓர் இரவு வேலை நடந்து முடிந்திருக்கும். ரவைப் பதத்தில் அரைத்த அரிசியும் உளுந்தும் புளிக்கிற வேலை. ரொட்டிக்கு ஈஸ்ட் போடுவதுபோல இட்லி மாவுக்கு யாரும் எதையும் போடுவதில்லை. பிறகு எப்படிப் பொங்குகிறது? 1965-இல் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த ஆய்வாளர்களும் அவர்களோடு சேர்ந்து பணியாற்றிய இந்தியரும் வெளியிட்ட கட்டுரை இதற்கு விடை சொன்னது. லூகோனோஸ்டாக் மெசென்டராய்ட்ஸ் என்ற பாக்டீரியாதான் முதன்மையான வேலையாள். அது தானியத்தோடும் பருப்போடும் கூடவே வந்துவிடுகிறது. ஊறும்போது பெருகி, அரைத்த பிறகு கரியமில வாயுவை விட்டு மாவை உப்பச் செய்கிறது. கூடவே அமிலத்தையும் சுரப்பதால் கெட்ட கிருமிகள் தலைதூக்க முடிவதில்லை.

வாயு வந்தால் மட்டும் போதாது, அது தப்பிப் போகாமல் பிடித்து வைக்க ஒரு வலை வேண்டும். உளுந்தை அரைக்கும்போது கையில் இழுபடும் அந்த வழவழப்புதான் வலை. அதில் உள்ள சிக்கலான சர்க்கரைச் சங்கிலியும் புரதமும் சேர்ந்து ஒவ்வொரு குமிழியையும் சுற்றிச் சுவர் எழுப்புகின்றன.

புளிப்பு வேறொன்றும் செய்கிறது. தானியங்களிலும் பருப்பிலும் ஃபைட்டேட் என்ற பொருள் இரும்பையும் துத்தநாகத்தையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உடம்புக்குக் கொடுக்காமல் அடம் பிடிக்கும். புளிக்கும்போது அதில் ஒரு பங்கு சிதைந்துவிடுகிறது. அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்ற அமினோ அமிலம் உளுந்தில் இருக்கிறது. உளுந்தில் குறைவாக உள்ள மெதியோனின் அரிசியில் இருக்கிறது. வெறும் பச்சரிசியைக் குற்றம் சாட்டும்போது அது யாருடன் சேர்ந்து வந்தது என்பதையும் கேட்க வேண்டும்.

நெய் செய்யும் வேலை

காஞ்சிபுரத்து வீடுகளில் குடலைக்குப் பதில் டம்ளர். உட்புறம் நெய் தடவிய எவர்சில்வர் டம்ளரில் மாவை முக்கால் பங்கு ஊற்றி இட்லிப் பானைக்குள் நிற்க வைப்பார்கள். பிள்ளையார்பாளையத்தில், ஒரு நெசவாளர் வீட்டுச் சமையலறையில் கேட்ட உரையாடல் இது. மகனுக்கு நாற்பது வயதிருக்கும். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

“ஏம்மா, நெய்யக் கொஞ்சம் கொறச்சி ஊத்தக் கூடாதா?”

“நெய்யக் கொறச்சா நாளைக்கு இட்லி கல்லாயிடும்டா. துண்டக் கொறச்சிக்கோ.”

அம்மா சொன்னதில் இருக்கும் விஞ்ஞானம் கொஞ்சம் நின்று பார்க்கத் தக்கது. வெந்த மாவுச்சத்து ஆறும்போது, நீரில் பிரிந்து மிதந்த அதன் சங்கிலிகள் மறுபடி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இறுகத் தொடங்கும். பழைய இட்லி விறைப்பது இதனால்தான். அமைலோஸ் என்ற சங்கிலி திருகுச் சுருள்போல வளையக் கூடியது. கொழுப்பு அமிலத்தின் வால் கிடைத்தால் அதைச் சுற்றிக்கொள்ளும். சுற்றிக்கொண்ட சங்கிலி பக்கத்துச் சங்கிலியோடு ஒட்டப் போகாது. மாவுத் துணுக்குகளுக்கு நடுவே நெய் படலமாகப் பரவி நிற்பதும் சேர்ந்துகொள்ள, இட்லி மறுநாளும் மிருதுவாக இருக்கிறது. கட்டுச்சோற்று மூட்டையில் இந்த இட்லி இடம் பிடித்ததற்கு இதுதான் காரணம்.

நெய் வாசனைக்கும் வண்டி. மிளகின் காரம் பைப்பரின் என்ற பொருளால் வருகிறது. அதை 1819-இல் பிரித்தெடுத்தவர் டென்மார்க்கின் ஊர்ஸ்டெட். மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் உள்ள உறவைக் கண்டுபிடித்தாரே, அதே ஊர்ஸ்டெட். பைப்பரின் தண்ணீரில் எளிதில் கரையாது, கொழுப்பில் கரையும். இஞ்சி காய்ந்து சுக்காகும்போது அதன் ஜிஞ்சரால் நீரை இழந்து ஷோகாலாக மாறி இன்னும் உறைப்பாகிறது. அதுவும் கொழுப்பில் கரைவதே. பெருங்காயத்தின் கந்தக வாசனையும் அப்படித்தான். தாளிப்பது என்பது சடங்கல்ல. மசாலாவிலிருந்து வாசனையைக் கொழுப்புக்கு மாற்றி, கொழுப்பின் வழியே பண்டம் முழுவதும் பரப்பும் வேலை. முருங்கைக்கீரையில் விடும் ஒரு கரண்டி எண்ணெயும் இதே இனம். கீரையிலுள்ள பீட்டா கரோட்டினைக் குடல் உறிஞ்ச வேண்டுமானால் கூடவே கொஞ்சம் கொழுப்பு போக வேண்டும். எண்ணெயே இல்லாமல் வேகவைத்த கீரையைத் தின்று பத்தியம் காப்பவர், கீரையின் ஒரு பங்கைத் தின்னாமலே விடுகிறார்.

அடுப்படிக் கணக்கு

சரி, ஒரு துண்டில் எவ்வளவு நெய் போகிறது? வீட்டு அளவில் ஒரு கணக்குப் போடுவோம். அரிசி 400 கிராம், உளுந்து 200 கிராம், நெய்யும் நல்லெண்ணெயுமாக 50 கிராம். இதில் 12 டம்ளர் இட்லி எடுக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். தானியத்திலும் பருப்பிலும் 100 கிராமுக்கு ஏறக்குறைய 350 கலோரி, ஆக 2100. கொழுப்பில் கிராமுக்கு 9 கலோரி, ஆக 450. மொத்தம் 2550. ஒரு டம்ளர் இட்லிக்கு 210-க்குச் சற்று மேல். அதில் நெய்யும் எண்ணெயும் தருவது 37 கலோரிதான், கிராமில் சொன்னால் நான்கு கிராம். ஆறில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம்.

இப்போது அதே இட்லிக்குத் தொட்டுக்கொள்ள மிளகாய்ப் பொடி வைத்து, குழி பறித்து, இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய் ஊற்றுகிறோம். 10 கிராம், 90 கலோரி. இட்லிக்குள் இருந்த மொத்தக் கொழுப்பைப்போல இரண்டரை மடங்கு! நெய் இட்லி என்று பயந்தவர் பொடி எண்ணெயைக் கணக்கிலேயே எடுப்பதில்லை.

ஹைதராபாதில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், ஒரு நாளைக்கு 2000 கலோரி உண்பவரின் தட்டில் எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 27 கிராம் போதும் என்கிறது. உலக சுகாதார நிறுவனம், நிறைவுற்ற கொழுப்பு மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம் என்கிறது. 2000 கலோரிக்கு அது 22 கிராம். ஒரு தேக்கரண்டி நெய்யில் சுமார் 3 கிராம் நிறைவுற்ற கொழுப்பு. கணக்குக்குள் நெய்க்கு இடமிருக்கிறது, ஆனால் கரண்டி கரண்டியாக இல்லை.

மீதி ஆறில் ஐந்து பங்கைத்தான் நாம் பார்க்காமல் விடுகிறோம். 2023-இல் வெளியான தேசிய ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. ஆய்வை முன்னின்று நடத்தியது சென்னையின் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை. அதே ஆய்வின் தொடர்ச்சியாக 2025-இல் வந்த கட்டுரை, இந்தியரின் உணவில் சுமார் 62 சதவீதக் கலோரி மாவுச்சத்திலிருந்து வருகிறது என்றது. பண்டிகை நெய்யைப் பார்த்து நாம் நடுங்குகிறோம். தினமும் மூன்று வேளை குவியும் வெள்ளைச் சோற்று மலை நம் கண்ணில் படுவதில்லை.

குன்னூரில் ஒருவர் இதை எலிகளிடம் கேட்டுப் பார்த்தார். ராபர்ட் மெக்கரிசன் 1918-இல் அங்கே தொடங்கிய சிறிய ஆய்வுக்கூடம்தான் பின்னாளில் ஹைதராபாதுக்குப் போய்த் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியே கொடுத்து எடை பார்த்தார் மெக்கரிசன். முழுக் கோதுமை ரொட்டியில் லேசாகத் தடவிய வெண்ணெய், பால், முளைகட்டிய பயறு, காய்கறி என்ற பஞ்சாபித் தட்டு முதலிடம் பிடித்தது. தீட்டிய அரிசியே நிறைந்த நம் சென்னை மாகாணத் தட்டு கடைசிக்கு வந்தது. எலியின் வளர்ச்சியை வைத்து மனிதனின் இதயத்துக்குத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் நம் தட்டின் குறை எங்கே இருந்தது என்பதை அது அன்றைக்கே காட்டிவிட்டது.

வயிற்றுக்குள்

துண்டு வயிற்றுக்குள் போகிறது. அடுத்து சிறுகுடலின் வாசல். அங்கே கொழுப்பு வந்து சேர்ந்ததும் குடல் சுவர் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோனை விடுகிறது. 1928-இல் கண்டுபிடிக்கப்பட்டது அது. பித்தப்பைக்கு அது ‘சுருங்கு’ என்கிறது, வயிற்றுக்கு ‘மெதுவாக அனுப்பு’ என்கிறது, மூளைக்குப் ‘போதும்’ என்கிறது. அதனால்தான் நெய் சேர்ந்த பண்டம் ‘நின்று பசிக்கிறது’. மாவுச்சத்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதால் ரத்தச் சர்க்கரையின் உச்சம் சற்றுத் தணிகிறது. தணிகிறதே தவிர, காணாமல் போவதில்லை. தின்ற அரிசி எல்லாம் தாமதமாகவாவது வந்தே தீரும். சோற்றில் நெய் ஊற்றினால் சர்க்கரை ஏறாது என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி இந்தப் பாதி உண்மையில் முளைத்தது.

இன்னொரு பாதி உண்மையும் சுற்றுகிறது. நெய்யிலுள்ள பியூட்டிரிக் அமிலம் பெருங்குடலுக்கு மருந்து என்பது. பெருங்குடல் செல்களுக்கு அது எரிபொருள் என்பது சரிதான். ஆனால் நெய்யோடு உள்ளே போவது சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். பெருங்குடலுக்கு வேண்டியதைத் தயாரிப்பவை அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்கள். அவற்றுக்குத் தேவை நெய் அல்ல, செரிக்காமல் மிஞ்சும் நார்ச்சத்து.

மன்னிக்க முடியாத ஒன்று

‘எதையும் அளவோடு’ என்பது எல்லாக் கதவையும் திறக்கும் சாவி அல்ல. அளவு பார்த்தும் மன்னிக்க முடியாத ஒரு கொழுப்பு உண்டு. தாவர எண்ணெயை ஹைட்ரஜனோடு வினைபுரியச் செய்து கெட்டியாக்கும் முறைக்கு 1902-இல் ஜெர்மனியின் நார்மன் காப்புரிமை பெற்றார். அந்த வழியில் 1937-இல் நம் அடுப்படிக்குள் டால்டா வந்தது. நெய்யின் இடத்தை மலிவாகப் பிடித்தது வனஸ்பதி. முழுதாகக் கெட்டியாக்காமல் பாதியில் நிறுத்தும்போது உருவாகும் டிரான்ஸ் கொழுப்பு, கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றி நல்லதை இறக்குகிறது. உடம்புக்கு அது எந்த வகையிலும் தேவையில்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் எண்ணெயிலும் கொழுப்பிலும் அதன் அளவை 2022 ஜனவரி முதல் 2 சதவீதத்துக்குள் அடக்கியது. நெய்யைவிட மலிவு என்று கொண்டுவந்த மாற்றுதான் கடைசியில் கெட்டதாக முடிந்தது.

திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயும் இந்தப் பட்டியலில் சேரும். காயக் காய எண்ணெய் உடைந்து, கறுத்து, கொழகொழக்கும். அந்தச் சிதைவுப் பொருட்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் எண்ணெயைக் கொட்டிவிட வேண்டும் என்பது விதி. வடை தின்பவர் கவனிக்க வேண்டியது அந்த நிறத்தை. வடை எண்ணெய் குடிப்பதும் பெரும்பாலும் சட்டிக்குள் அல்ல. உள்ளே கொதிக்கும்போது வெளியே சீறும் ஆவி எண்ணெயைத் தள்ளி நிறுத்துகிறது. வெளியே எடுத்ததும் ஆவி குளிர்ந்து சுருங்க, உள்ளே அழுத்தம் குறைந்து, மேலே ஒட்டிய எண்ணெய் இழுக்கப்படுகிறது. ஜல்லிக் கரண்டியை இரண்டு தட்டுத் தட்டி உடனே வடியவிட்டால், அந்த வாயை ஓரளவு அடைத்துவிடலாம்.

கஞ்சியின் பதம்

திருக்குறளில் ‘மருந்து’ என்றொரு அதிகாரம் உண்டு. மூலிகைப் பெயர் தேடிப் போனால் ஏமாற்றம்தான். வள்ளுவர் அங்கே பேசுவது பெரும்பாலும் பசியையும் செரிமானத்தையும் உண்ணும் அளவையும்.

அளவு என்பது காஞ்சிபுரத்துக்குப் புதிதல்ல. பட்டுப் பாவுக்கு இங்கே அரிசிக் கஞ்சி போடுவார்கள். கஞ்சி நீர்த்தால் இழைகள் பிசிறி அறுபடும். கெட்டியானால் விறைத்து முறியும். நடுவில் ஒரு பதம் இருக்கிறது, அது தராசில் இல்லை, விரலில் இருக்கிறது. இழைக்கு அரிசி நல்லதா கெட்டதா என்று எந்த நெசவாளரும் கேட்டதில்லை.

பிள்ளையார்பாளையத்து அடுப்படியில் அம்மா டம்ளரைக் கவிழ்த்து அடியில் ஒரு தட்டுத் தட்டினார். உருளையாக வழுக்கி விழுந்த இட்லியைக் கத்தியால் மூன்று வட்டமாகப் போட்டு, இரண்டை மகனின் தட்டில் வைத்தார்.

“மூணாவது?”

“அது நாளைக்கு.”

நாளைக்கும் அது மிருதுவாகத்தான் இருக்கும், நெய் இருப்பதால். இன்றைக்கே முழுவதையும் தின்று தீர்க்க வேண்டிய அவசரம் இல்லாததும் அதனால்தான்.